பயன்படாத காப்புரிமை யாருக்காக?

2025-ம் ஆண்டுக்கான பொருளாதார நோபல் பரிசில் சரிபாதி, பொருளாதார வரலாற்று ஆய்வாளரான ஜோயல் மோகிருக்கு வழங்கப்பட்டது. மறுபாதியை பிலிப் அகியோனும் பீட்டர் ஹோவிட்டும் பகிர்ந்து கொண்டனர். புதுமை எங்கே பிறக்கிறது, எதனால் தழைக்கிறது, எதனால் தடைபடுகிறது என்கிற கேள்விகளுக்கு விடை தேடுவதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்கள் இந்த மூவரும். பரிசு அறிவிக்கப்பட்டபோது உலகமே பாராட்டியது. அந்த ஆய்வுகள் உணர்த்தும் பாடம் தில்லியில் காப்புரிமைக் கொள்கையை வகுப்பவர்களின் செவிகளை எட்டியதா என்பதுதான் ஐயம்.

2023-24 நிதியாண்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான காப்புரிமைகளை வழங்கிச் சாதனை படைத்திருப்பதாக மத்திய அரசு பெருமிதத்துடன் அறிவித்தது. அதே ஆண்டில் தாக்கலான விண்ணப்பங்கள் 92,000-க்கும் மேல். அவற்றில் பாதிக்கும் அதிகமானவை இந்தியர்கள் அளித்தவை. ஒரு காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்களே வரிசையில் நின்ற அலுவலகங்களில் இன்று நமது இளைஞர்களும் பல்கலைக்கழகங்களும் நிற்பது மகிழ்ச்சிக்குரியது என்பதில் இருவேறு கருத்துகள் இருக்க முடியாது.

ஆனால், காப்புரிமைகளின் எண்ணிக்கையைக் கண்டுபிடிப்புகளின் எண்ணிக்கை என்று கருதிவிடுவது ஆபத்தானது. கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் 2021-ல் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையிலும் காப்புரிமைகளுக்கு மதிப்பெண் உண்டு. விண்ணப்பிப்பதற்கே வெகுமதி என்றால் விண்ணப்பங்கள் பெருகத்தான் செய்யும். பெற்ற காப்புரிமைகளில் எத்தனை தொழிற்கூடத்தை எட்டின, எத்தனை பேருக்கு வேலை தந்தன, எந்த நோயாளியின் செலவைக் குறைத்தன என்று கேட்டால், நம்பத்தக்க விடை அரசிடமே இல்லை.

காப்புரிமை என்பது அரசு வழங்கும் பட்டமோ பதக்கமோ அல்ல. அது ஓர் ஒப்பந்தம். "உனது கண்டுபிடிப்பின் நுட்பத்தை ஒளிக்காமல் வெளியிடு. அதை மக்களுக்குப் பயன்படச் செய். பதிலுக்கு 20 ஆண்டுகளுக்கு வேறு எவரும் உனது அனுமதியின்றி அதைச் செய்யாதபடி நான் தடுக்கிறேன்" என்று சமுதாயம் கண்டுபிடிப்பாளருக்குத் தரும் வாக்குறுதி. இரு தரப்பும் சொன்னபடி நடந்தால்தான் ஒப்பந்தத்துக்குப் பொருள் உண்டு. ஏகபோகத்தைப் பெற்றுக்கொண்டு, கண்டுபிடிப்பைப் பயன்படுத்தாமல் பூட்டி வைத்தால் சமுதாயத்துக்கு மிஞ்சுவது இழப்பு மட்டுமே.

இந்த ஒப்பந்தம் எங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்பதைப் பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டிக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவர்களது முடிவுகள் நமது பொதுவான நம்பிக்கைகளை அசைத்துப் பார்க்கின்றன.

நீராவி எந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் வாட் 1769-ல் தனது காப்புரிமையைப் பெற்றார். 1775-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டத்தின் மூலம் அதை 1800 வரை நீட்டித்துக் கொடுத்தது. அந்த நீட்டிப்பு இல்லாவிட்டால் மாத்யூ போல்டன் தனது பணத்தை முடக்கியிருக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆனால், அதே காப்புரிமையைக் கொண்டு ஜோனதன் ஹார்ன்பிளோயர் போன்ற போட்டியாளர்களின் புதிய எந்திரங்களை வாட்டும் போல்டனும் நீதிமன்றங்களில் முடக்கினார்கள் என்பதும் உண்மை. கார்ன்வால் பகுதியின் சுரங்க உரிமையாளர்கள், பழைய எந்திரத்தைவிட மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை அவர்களுக்குக் கப்பமாகக் கட்ட வேண்டியிருந்தது.

1800-ல் காப்புரிமை காலாவதியானது. 1811-ல் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் ஒரு புதிய வழியைக் கண்டனர். ஒவ்வோர் எந்திரமும் எவ்வளவு நிலக்கரியை எரித்து எவ்வளவு நீரை இறைத்தது என்கிற கணக்கை மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினர். ஒரு சுரங்கத்தில் பலித்த நுட்பம் அடுத்த சுரங்கத்துக்குப் பரவியது. ரிச்சர்ட் டிரெவிதிக் தாம் 1812-ல் அமைத்த உயர் அழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமையே கோரவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் அப்பகுதி எந்திரங்களின் சராசரித் திறன் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. கணக்கைத் திறந்து வைத்ததுதான் அந்த வளர்ச்சியின் இரகசியம். அறிவு தங்குதடையின்றிப் பரவும் சமுதாயத்தில்தான் தொழில்நுட்ப வளர்ச்சி நீடிக்கும் என்று மோகிர் வலியுறுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று தேவையில்லை.

1851-ல் லண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த உலகக் கண்காட்சியின் பட்டியல்களை ஆராய்ந்தவர் பெட்ரா மோசர். அங்கே வைக்கப்பட்டிருந்த பிரிட்டிஷ் காட்சிப் பொருள்களில் காப்புரிமை பெற்றவை ஏறத்தாழ 11 சதவீதம் மட்டுமே என்று அவர் கண்டறிந்தார். மற்றவை காப்புரிமை இல்லாமலேயே பிறந்தவை. காப்புரிமைச் சட்டமே இல்லாத ஸ்விட்சர்லாந்து போன்ற நாடுகளின் கண்டுபிடிப்பாளர்கள் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. பிறர் எளிதில் நகலெடுக்க முடியாத அறிவியல் கருவிகள், உணவுப் பதப்படுத்தல் போன்ற துறைகளில் அவர்கள் கவனம் செலுத்தினர். அதாவது, சட்டம் புதுமையின் திசையை மாற்றுகிறது. அது இல்லாவிட்டால் புதுமையே இல்லை என்பது கட்டுக்கதை.

ஸ்விட்சர்லாந்தின் கதை இன்னும் சுவையானது. 1844-ம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம், வேதிப் பொருளுக்கே காப்புரிமை அளித்தது. ஃபுக்ஸின் என்கிற செந்நிறச் சாயத்துக்கான ஏகபோகம் ஒரே நிறுவனத்தின் கையில் சிக்கியது. வேறு வழிமுறையில் அதே சாயத்தைத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் பிரான்சில் தொழில் செய்ய முடியாமல், காப்புரிமைச் சட்டம் இல்லாத அண்டை நாடான ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் பெயர்ந்தனர். 1859-ல் அங்கே அலெக்சாந்தர் கிளாவெல் தொடங்கிய சாயத் தயாரிப்புதான் பின்னாளில் சீபா நிறுவனமாக வளர்ந்தது. ஸ்விட்சர்லாந்து 1888-ல் காப்புரிமைச் சட்டம் இயற்றியபோதும் வேதியியல் துறையை அதற்கு வெளியே வைத்தது. ஜெர்மனியின் நெருக்குதலால் 1907-ல் வேதிச் செய்முறைகளைச் சேர்த்தது. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்பது அங்கே வந்தது 1977-ல்தான். ஜப்பானில் 1976, இத்தாலியில் 1978. தங்கள் தொழில் வேரூன்றும் வரை பிறரது நுட்பங்களைக் கற்றுக்கொண்டு, வேரூன்றிய பிறகு வேலி போட்டுக்கொண்ட நாடுகள் இவை.

அமெரிக்காவும் விதிவிலக்கல்ல. அதன் 1836-ம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கக் குடிமகனுக்குக் காப்புரிமைக் கட்டணம் 30 டாலர். பிரிட்டிஷ் குடிமகனுக்கு 500 டாலர். மற்ற வெளிநாட்டவர்க்கு 300 டாலர். அன்றைய வளர்ந்த நாடான பிரிட்டனுக்கு அன்றைய வளரும் நாடான அமெரிக்கா வைத்த நிபந்தனை இது. அதே சமயம், அந்தக் குறைந்த கட்டணம்தான் சாதாரணத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் கண்டுபிடிப்பின் கதவைத் திறந்தது என்று ஜோரினா கான் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். பிரிட்டனிலோ 1852-ம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன்னர் நூற்றுக்கணக்கான பவுண்டுகள் செலவிட வசதி படைத்தவர்களால் மட்டுமே முழு நாட்டுக்குமான காப்புரிமையைப் பெற முடிந்தது. எனவே காப்புரிமையே கூடாது என்பது வரலாற்றின் தீர்ப்பு அன்று. எளியவருக்கும் எட்டுவதாக, சமுதாயத்துக்குப் பயன் தருவதாக அது அமைந்திருக்கிறதா என்பதே கேள்வி.

முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டு வர்த்தகச் சட்டத்தின் கீழ் ஜெர்மானியக் காப்புரிமைகளை அமெரிக்கா கைப்பற்றி, தனது நிறுவனங்களுக்குக் கட்டாய உரிமம் வழங்கியது. உரிமம் வழங்கப்பட்ட வேதியியல் பிரிவுகளில் அமெரிக்கர்களின் சொந்தக் கண்டுபிடிப்புகள் பின்னாளில் ஏறத்தாழ 20 சதவீதம் கூடின என்று மோசரும் அலெசாந்திரா வோயனாவும் கணக்கிட்டிருக்கிறார்கள். செய்து பார்த்துக் கற்றவர்கள், பின்னர் தாமே படைக்கத் தொடங்கினார்கள். கட்டாய உரிமம் புதுமையைக் கொன்றுவிடும் என்று இன்று நமக்குப் பாடம் நடத்துபவர்கள் தங்கள் நாட்டு வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

இந்தியாவின் அனுபவம் வேறு வகையானது. இங்கே முதல் காப்புரிமைச் சட்டம் 1856-ல் வந்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்கிற பொறியாளர் அளித்த முதல் விண்ணப்பம், பங்கா இழுக்கும் எந்திரத்துக்கானது. துரைமார்களின் தலைக்கு மேல் விசிறி ஆடுவதற்கான கருவியுடன் தொடங்கிய நமது காப்புரிமை வரலாறு, 1911-ம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தியனின் தேவையைச் சிந்திக்கவில்லை.

விடுதலைக்குப் பின் 1948-ல் பக்ஷி தேக் சந்த் தலைமையிலும், 1957-ல் அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் பொறுப்பிலும் இரு ஆய்வுகளை அரசு மேற்கொண்டது. 1959-ல் அய்யங்கார் அளித்த அறிக்கை, இந்திய நிர்வாக வரலாற்றின் ஒப்பற்ற ஆவணங்களில் ஒன்று. இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவரிடம் இருப்பதையும், அவற்றில் 90 சதவீதத்துக்கும் அதிகமானவை இந்தியாவில் செயல்படுத்தப்படவே இல்லை என்பதையும் அவர் அம்பலப்படுத்தினார். நமது சந்தையை இறக்குமதிக்காகப் பூட்டி வைப்பதற்கே அந்தக் காப்புரிமைகள் பயன்பட்டன. அதே காலத்தில் அமெரிக்க செனட்டில் கெஃபாவர் தலைமையில் விசாரணை நடத்திய குழு, மருந்து விலை மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று சுட்டிக்காட்டியது. ஏழை நாட்டில் பணக்கார விலை!

அய்யங்கார் பிற நாடுகளின் வரலாற்றையும் ஆராய்ந்தார். பொருளுக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டுமே தந்த ஜெர்மனியில் வேதித் தொழில் ஓங்கி வளர்ந்திருந்ததை அவர் கருத்தில் கொண்டார். உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக் காப்புரிமை போதும் என்று பரிந்துரைத்தார். 1965-ல் கொண்டுவரப்பட்ட மசோதா காலாவதியாகி, பன்னாட்டு நிறுவனங்களின் கடும் எதிர்ப்பையும் தாண்டி, 1970-ல் புதிய சட்டம் நிறைவேறியது. 1972 ஏப்ரல் 20-ல் அது நடைமுறைக்கு வந்தது.

விளைவு என்ன? ஒரே மருந்தைச் செலவு குறைந்த வேறு வழியில் தயாரிக்கும் திறமையை நமது வேதியியலாளர்கள் வளர்த்துக்கொண்டனர். 2001-ல் எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கு ஓராண்டுக்கான மூன்று மருந்துக் கூட்டு 10,000 டாலருக்கும் மேல் விற்றபோது, இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்கள் காப்பாற்றப்பட்டதற்குப் பின்னால், 1959-ல் ஒரு நீதிபதி எழுதிய அறிக்கை இருக்கிறது.

உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததன் விலையாக, 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை அளிக்க இந்தியா ஒப்புக்கொண்டது. அப்போதும் நாடாளுமன்றம் விழிப்புடன் செயல்பட்டது. பழைய மருந்தின் வடிவத்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை கோருவதைத் தடுக்கும் வகையில் 3(டி) பிரிவை இறுக்கியது. அந்தப் பிரிவின் வலிமை சோதிக்கப்பட்டது நமது சென்னையில்தான். ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்டிஸ் நிறுவனம் 1998-ல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006-ல் அது நிராகரிக்கப்பட்டது. 3(டி) பிரிவையே எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்து, காப்புரிமை மறுப்பை உறுதி செய்தது. மாதம் ஏறத்தாழ ரூ.1.20 லட்சம் விலையுள்ள அந்த மருந்தின் இந்தியத் தயாரிப்பு, ரூ.10,000-க்கும் குறைவாகக் கிடைத்தது. வழக்காடிய நோவார்டிஸ், சீபாவின் வழித்தோன்றல். பாசலில் காப்புரிமை இல்லாத காலத்தில் வேர்விட்ட மரம், சென்னையில் காப்புரிமை கேட்டு வழக்காடியது என்பதுதான் வரலாற்றின் வேடிக்கை.

2012 மார்ச்சில் மற்றுமொரு திருப்பம். பேயர் நிறுவனத்தின் நெக்ஸாவர் என்கிற புற்றுநோய் மருந்து மாதத்துக்கு ரூ.2,80,428-க்கு விற்கப்பட்டது. அதைத் தயாரித்து ரூ.8,880-க்கு விற்க ஹைதராபாத் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. தேவைப்படும் நோயாளிகளில் மிகச் சிலருக்கே மருந்து கிடைத்தது என்பதும், இந்தியாவில் காப்புரிமை செயல்படுத்தப்படவில்லை என்பதும் எப்படித் தெரிந்தன? காப்புரிமையாளர் ஆண்டுதோறும் 27-ம் எண் படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டிய செயல்பாட்டு அறிக்கைதான் முக்கியச் சான்று. பேயரே எழுதிக் கொடுத்த கணக்கு, பேயருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அந்தப் படிவத்தின் இன்றைய நிலைதான் கவலையளிக்கிறது. பல நிறுவனங்கள் அதைத் தாக்கல் செய்வதில்லை, செய்பவர்களும் அரைகுறையாகவே நிரப்புகிறார்கள் என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் 2015-ல் பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. தவறியவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதற்குப் பதிலாக, 2020-ல் படிவத்தையே அரசு சுருக்கியது. 2024 மார்ச்சில், ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய அறிக்கையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அளித்தால் போதும் என்று விதியைத் திருத்தியது. காப்புரிமை வழங்குவதற்கு முன்னரே எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமைக்கும் கட்டணம் விதித்தது. நோயாளிகளின் அமைப்புகள் கைக்கொண்டிருந்த ஆயுதம் அது.

2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், மருந்துகள் மக்களுக்குக் கிடைப்பதற்கு நிறுவனங்கள் தாமாக முன்வந்து அளிக்கும் உரிமங்களே உகந்த வழி என்று குறிப்பிடுகிறது. கட்டாய உரிமம் வழங்கும் அதிகாரத்தை இது பறித்துவிடவில்லை. ஆனால், ஒரே ஒருமுறை பயன்படுத்திய அதிகாரத்தை மறுபடி பயன்படுத்தத் தயங்கும் மனநிலையை இது வலுப்படுத்தும் என்பதில் ஐயமில்லை.

கண்டுபிடிப்பாளருக்குச் சுமை குறைய வேண்டும், முதலீடு வர வேண்டும் என்பது அரசுத் தரப்பின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல ஆண்டுகள் உழைத்து, பெரும் பொருளைச் செலவிட்டு ஒரு புதிய மருந்தைக் கண்டறிபவருக்கு உரிய பலன் கிடைத்தாக வேண்டும். 1970-ம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த நமது நிறுவனங்கள் செய்முறையில் சிறந்து விளங்கிய அளவுக்குப் புதிய மூலக்கூறுகளைக் கண்டறிவதில் சிறக்கவில்லை என்கிற விமர்சனத்தையும் மறுப்பதற்கில்லை. ஆனால், 2005-க்குப் பிறகு பொருளுக்கே காப்புரிமை வந்தும் அந்தக் குறை தீர்ந்துவிடவில்லையே! ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதத்தை மட்டுமே 2020-21-ல் செலவிட்ட தேசம் நாம். ஆய்வுக்கூடத்துக்குப் பணம் தராமல், காப்புரிமை அலுவலகத்தின் வாயிலை மட்டும் அகலத் திறந்துவைத்துப் பயனில்லை. விதைக்காத வயலுக்கு வேலி எதற்கு?

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. செயல்பாட்டு அறிக்கையை மீண்டும் ஆண்டுதோறும் தாக்கல் செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். எத்தனை தயாரிக்கப்பட்டன, எத்தனை இறக்குமதியாயின, என்ன விலைக்கு, எத்தனை பேருக்குக் கிடைத்தன என்கிற விவரங்கள் அதில் இடம்பெற வேண்டும். அந்த அறிக்கைகளைத் துறைவாரியாகத் தொகுத்து எவரும் ஆராயும் வகையில் வெளியிட வேண்டும். கார்ன்வால் சுரங்கக்காரர்கள் 1811-ல் செய்ததை, தகவல் தொழில்நுட்ப வல்லரசு என்று மார்தட்டும் நாடு செய்ய முடியாதா? கல்வி நிறுவனங்களின் தரவரிசையில் தொழிற்கூடத்தை எட்டிய காப்புரிமைகளுக்கு மட்டுமே மதிப்பெண் வழங்க வேண்டும். நோயாளிகளின் சார்பில் தெரிவிக்கப்படும் எதிர்ப்புக்குக் கட்டணம் ரத்து செய்யப்பட வேண்டும். வர்த்தக ஒப்பந்தங்களின் அறிவுசார் சொத்துரிமைப் பகுதிகளைக் கையெழுத்திடுவதற்கு முன் நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும்.

வரலாற்றில் எந்த நாடும் காப்புரிமைகளை எண்ணிக்கொண்டிருந்ததால் முன்னேறியதில்லை. தனது தேவைக்கேற்பச் சட்டத்தை வளைத்துக்கொண்டும், அறிவைப் பரவவிட்டும், திறமைக்குப் பொருளுதவி அளித்துமே முன்னேறியிருக்கின்றன. அய்யங்கார் தமது அறிக்கைக்காகக் கேட்ட கேள்வி எளிமையானது: வழங்கிய காப்புரிமைகளில் எத்தனை இந்த மண்ணில் பயன்பாட்டுக்கு வந்தன? அன்று விடை தெரிந்ததால்தான் 1970-ம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அதே கேள்வியை இன்று கேட்டால் விடை சொல்லும் பதிவேட்டை நாமே மூடிக்கொண்டிருக்கிறோம். ஒரு லட்சம் காப்புரிமைகளை வழங்கிய அரசுக்கு, அவற்றின் பயனைக் கணக்குக் காட்டும் கடமையும் உண்டு!